அடைப்பு நீங்கிய பின்: மாரடைப்பும் இயக்குநீரும் நம் சொற்களும்



மொழியியலைக் கற்றும் கற்பித்தும் ஓய்வு பெற்ற நாம், இதய நோயைத் தலைப்பாக எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மருத்துவம் சொல்ல நாம் வரவில்லை. அதற்கு உரியவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். மருத்துவர் சொல்லும் சொல் நோயாளியின் காதில் விழும்போது என்ன பொருள் கொள்கிறது என்பதே நம் கேள்வி. அந்தக் கேள்விக்கு உயிரளவு மதிப்பு உண்டு என்பதற்கு மாரடைப்புக்குப் பிந்தைய சில வாரங்களைவிடத் தெளிவான சான்று வேறு இல்லை என்று கருதுகிறோம்.

நம் நாட்டின் தேசிய இதயநோய்ப் பதிவேடு 2006ஆம் ஆண்டு முதல் மாரடைப்பு நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வருகிறது. அதன் தொடக்க ஆண்டுகளில், மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடாக இருக்கும் இந்தியர்கள், பதிவான நோயாளிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தார்கள். நோயாளிகளின் சராசரி வயதோ அறுபதைக்கூட எட்டவில்லை. ஆகவே இது நம் தெருவின் செய்தி. பெரும்பாலும் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்களின் செய்தி.

முதலில் 'மாரடைப்பு' என்னும் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலம் இந்நோயைத் 'தாக்குதல்' என்கிறது. மலாய்மொழியும் 'செராங்ஙான் ஜந்துங்' என்று அதே உருவகத்தைப் பின்பற்றுகிறது. தமிழ் மட்டும் 'அடைப்பு' என்றது. மாரை ஏதோ வந்து அடைத்தாற்போன்ற உணர்வைக் கொண்டே மக்கள் இப்பெயரை இட்டிருக்க வேண்டும். ஆனாலும் நோயின் காரணத்தோடு அது வியப்பூட்டும் வகையில் பொருந்திவிட்டது. இதயத்திற்குக் குருதி கொண்டுசெல்லும் குழாயில் குருதிக்கட்டி அடைத்துக்கொள்வதை, நோயாளி உயிரோடிருக்கும்போதே அறிகுறிகளைக் கொண்டு கண்டறியலாம் என்று சிக்காகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் எழுதியது 1912இல்.

சரியான சொல்தான். ஆனால் அதற்குள் ஒரு கண்ணியும் இருக்கிறது. அடைப்பு என்றால் எடுக்க வேண்டும், எடுத்துவிட்டால் முடிந்தது. வாய்க்காலுக்கும் கழிநீர்க் குழாய்க்கும் அதுதான் கதை. இங்குள்ள மொத்தவிலைச் சந்தையில் இரவெல்லாம் காய்கறி மூட்டை இறக்கும் ஒருவர், நமக்குத் தெரிந்தவர், பலூன் வைத்து அடைப்பை நீக்கி 'ஸ்டென்ட்' பொருத்திய இரண்டாம் மாதம் நம்மிடம் கேட்டார்: "அதான் அடைப்ப எடுத்துட்டாங்களே ஐயா, அப்புறம் எதுக்கு இத்தன மாத்திரை?" அவர் அறியாமையால் கேட்கவில்லை. அவருடைய மொழி அவருக்குக் கொடுத்த ஏரணத்தின்படி மிகச் சரியாகவே கேட்டார். அந்த ஏரணம் எங்கே முறிகிறது என்று சொல்வதற்கு மட்டும் அவரிடம் ஒரு சொல் இல்லை. அச்சொல்தான் 'ஹார்மோன்', நம் வழக்கில் 'இயக்குநீர்'.

இச்சொல்லின் பிறப்பு சுவையானது. 1902இல் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், குடலிலிருந்து குருதிவழியே சென்று கணையத்தைச் சுரக்கவைக்கும் ஒரு பொருளைக் கண்டார்கள். நரம்பின் துணையில்லாமல் குருதியில் பயணம் செய்து ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்கு ஆணையிடுகிறது! இத்தகைய பொருள்களுக்குப் பொதுப்பெயராக, 'கிளர்த்து, இயக்கு' என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து 1905இல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற சொல்லை வழங்கினார். தமிழில் 'இயக்குநீர்' என்று ஆக்கியவர்கள் அந்த வினையின் உயிரை அப்படியே பிடித்திருக்கிறார்கள். உமிழ்நீர், கண்ணீர், சிறுநீர், செந்நீர் என்று உடலின் நீர்மங்களைப் பெயரிடும் நம் மரபோடும் அது இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது. இதயம் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு வலுவாகச் சுருங்கும் என்ற விதியிலும் அதே ஸ்டார்லிங்கின் பெயர் இருக்கிறது. இயக்குநீரையும் இதயத்தையும் ஒருசேர ஆய்ந்தவர் அவர். அவ்விரண்டும் மாரடைப்பில் எப்படி மோதிக்கொள்ளும் என்பது தெரியவர இன்னும் எண்பது ஆண்டுகள் பிடித்தன.

மோதல் இப்படித்தான் நிகழ்கிறது. அடைப்பினால் இதயத்தசையின் ஒரு பகுதி மடிகிறது. இதயம் தள்ளும் குருதி குறைகிறது. உடலுக்கு மாரடைப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. குருதி குறைந்தால் உடம்புக்குத் தெரிந்த ஒரே காரணம் காயம்: எங்கோ வெட்டுப்பட்டுக் குருதி கொட்டுகிறது என்று அது எண்ணிக்கொள்கிறது. சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக ஆஞ்சியோடென்சின் தோன்றிக் குழாய்களை இறுக்குகிறது. சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பி ஆல்டோஸ்டெரோனை விடுத்து, 'உப்பை விடாதே, நீரை விடாதே' என்று ஆணையிடுகிறது. அட்ரினலின் வகை இயக்குநீர்கள் இதயத்தை விரட்டுகின்றன. வேட்டையில் காயம்பட்ட நம் முன்னோரை இவ்வேற்பாடு காத்திருக்கும். மாரடைப்பிலோ காயம் வெளியே இல்லை. ஏற்கெனவே தசை இழந்த இதயத்தின்மீது கூடுதல் நீரும் கூடுதல் எதிர்ப்பும் நாள்தோறும் ஏற்றப்படுகின்றன. மடிந்த பகுதி மெலிந்து நீள்கிறது. உயிருள்ள பகுதி ஈடுகட்ட முயன்று விரிகிறது. கூம்பு வடிவான அறை மெல்ல உருண்டை வடிவை அடைகிறது. மாதங்கள் கழித்துக் கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது.

ஆக, அடைப்பை எடுத்த பிறகும் இயக்குநீர்கள் தம் வேலையை நிறுத்துவதில்லை. சந்தை நண்பர் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. அவருடைய மாத்திரைகளில் சில அடைப்புக்கானவை அல்ல. அடைப்புக்குப் பின் உடல் தானே செய்துகொள்ளும் கேட்டைத் தடுப்பவை.

ரெனினை 1898இலேயே சுவீடனில் திகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்தில் கண்டறிந்தனர். ஆல்டோஸ்டெரோன் 1953இல் தனித்துப் பிரிக்கப்பட்டது. ஆனால் இவற்றைத் தடுக்க முதற்கருவி வந்தது பாம்பிடமிருந்து. பிரேசில் நாட்டுக் குழிவிரியன் ஒன்றின் நஞ்சை 1960களில் செர்ஜியோ ஃபெரேரா ஆராய்ந்தார். அந்த நஞ்சின் போக்கைப் பின்பற்றி அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெட்டி ஆகிய வேதியியலார் 'கேப்டோப்ரில்' மாத்திரையை ஆக்கினர். மாரடைப்புக்கு உள்ளாக்கப்பட்ட எலிகளில் இம்மருந்து இதய அறை விரிவதைக் குறைத்தது என்று 1985இல் பாஸ்டனில் ஃபெஃபரும் பிரான்வால்டும் அவர்கள் குழுவினரும் காட்டினார்கள். மனிதர்களிடம் அது மெய்யாயிற்று 1992இல். 2,231 நோயாளிகளைக் கொண்ட 'சேவ்' ஆய்வில், இதயத்தின் வலு குறைந்திருந்தும் தளர்ச்சியின் அறிகுறி வெளிப்படாதவர்களுக்கு, மாரடைப்பு வந்த 3 முதல் 16 நாட்களுக்குள் கேப்டோப்ரில் தொடங்கப்பட்டது. இறப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நோய் வெளிப்படுமுன் தொடங்கி, நோயையே தள்ளிப்போட்ட சிகிச்சை அது.

இங்கே 'முன்கூட்டியே' என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். "சீக்கிரம் மருந்து கொடுத்தால் நல்லது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எவ்வளவு சீக்கிரம்? அடைப்பை நீக்குவதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. நெஞ்சு இறுகினால், "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தடவிக்கொண்டு விடியும்வரை காத்திராமல் 999ஐ அழைக்க வேண்டியது அதனால்தான். இயக்குநீரைத் தடுப்பதில் அவசரத்திற்கு வேறு இலக்கணம். அதே 1992இல் ஸ்காண்டினேவிய நாடுகளில், மாரடைப்பு வந்த 24 மணி நேரத்திற்குள் இவ்வகை மருந்தை ஊசிவழியே செலுத்தித் தொடங்கிய பேராய்வு ஒன்று பயன் காணாமல் இடையில் நிறுத்தப்பட்டது. சிலருக்குக் குருதியழுத்தம் அளவுக்குமேல் தாழ்ந்துபோனது. அதே மருந்தினத்தை முதல் நாளிலேயே, ஆனால் வாய்வழியே சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிய 'ஐசிஸ்-4' ஆய்வில், 58,050 பேரிடையே, ஆயிரத்துக்கு ஐவர் வீதம் முதல் ஐந்து வாரங்களில் உயிர் தப்பினர். அட்ரினலினைத் தடுக்கும் மருந்தைச் சீனத்தில் 45,852 பேருக்கு முதல் நாளே ஊசியாகத் தொடங்கிப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது. சில கேடுகள் குறைந்தன. ஆனால் இதயம் தள்ளாடி அழுத்தம் வீழும் அதிர்ச்சிநிலை, ஆயிரத்துக்குப் பதினொருவர் வீதம் கூடியது. அந்த இயக்குநீரின் உந்துதலால்தான் முதல் சில மணி நேரம் தாக்குப்பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்! ஊன்றுகோல் தடையாகிவிட்டது என்பதற்காக அதை எப்போது பிடுங்குவது என்பதில் நிதானம் வேண்டியிருக்கிறது.

ஆல்டோஸ்டெரோனின் முறை 2003இல் வந்தது. 6,632 நோயாளிகளைக் கொண்ட 'எஃபெசஸ்' ஆய்வில், அதன் வேலையைத் தடுக்கும் 'எப்லெரினோன்' மாத்திரையை 3ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் தொடங்கினார்கள். இதயத்தின் வலு குன்றியவர்களிடம் இறப்பு 15 விழுக்காடு குறைந்தது. அத்தரவுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது முதல் வாரத்திற்குள் தொடங்கியவர்களே கூடுதல் பயனடைந்ததாகத் தெரிந்தது. வலு குன்றியவர்களில் நீரிழிவுக்காரர்களுக்கு மட்டும், இதயத் தளர்ச்சியின் அறிகுறி இல்லாவிட்டாலும் அவ்வாய்வில் இடம் தரப்பட்டது. நம்மவரை நேரே தொடும் செய்தி இது. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வு இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று கணித்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிகுதி.

அப்படியானால் மாரடைப்பு வந்த எல்லாருக்கும் கொடுத்துவிடலாமே என்ற கேள்வி எழும். கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்தின் வலு குன்றியிருந்தாலும் இல்லாவிட்டாலும் 7,062 பேரைச் சேர்த்து, அதே வேலையைச் செய்யும் பழைய மருந்தான ஸ்பைரோனோலாக்டோனை ஆராய்ந்த ஆய்வின் முடிவு 2024 நவம்பரில் வெளிவந்தது. பொதுவான பயன் உறுதிப்படவில்லை. வலு குன்றியவர்க்கு அரணாவது வலுவோடிருப்பவர்க்குத் தேவையற்றதாகலாம். பக்கத்து வீட்டாரின் மாத்திரைப் பட்டியலைப் பார்த்து நம் பட்டியலைத் திருத்திக்கொள்வது எவ்வளவு பிழை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் இயக்குநீரைத் தடுக்கும் மருந்துகள். ஆனால் 'ஹார்மோன் சிகிச்சை' என்ற தொடரைக் கேட்டவுடன் ஏதோ ஒன்றை உடலுக்குள் கொடுப்பது என்றே நாம் பொருள்கொள்கிறோம். தமிழ்த்தொகையின் இயல்பு அது. 'ஊசி மருத்துவம்' என்றால் ஊசியால் செய்வது. 'பல் மருத்துவம்' என்றால் பல்லுக்குச் செய்வது. இடையிலுள்ள உருபு மறைந்திருப்பதால் கேட்பவர்தான் விரித்துக்கொள்ள வேண்டும். 'இயக்குநீர்ச் சிகிச்சை'யை 'இயக்குநீரால்' என்று விரிப்பதா, 'இயக்குநீருக்கு எதிராக' என்று விரிப்பதா? மாரடைப்புக்குப் பின் பயன் உறுதிப்பட்டவை பெரும்பாலும் இரண்டாம் வகை.

கொடுத்துப் பார்த்த முயற்சிகளும் உண்டு. இதயமே ஒரு சுரப்பி என்பதை 1981இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் காட்டினார். எலி இதயத்தின் மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது அவை உப்பையும் நீரையும் பெருமளவில் வெளியேற்றின. ஆல்டோஸ்டெரோன் 'விடாதே' என்கிறது. இதயத்தின் சொந்த இயக்குநீரோ 'விட்டுவிடு' என்கிறது. தன்மேல் ஏறும் பாரத்தைத் தானே இறக்கிக்கொள்ள இதயம் எழுதும் விண்ணப்பம் என்று அதைச் சொல்லலாம். அவ்வியக்குநீரை ஜப்பானில் மாரடைப்பு நோயாளிகளுக்கு, அடைப்பை நீக்கும் சிகிச்சையோடு சேர்த்து மூன்று நாள் சொட்டாக ஏற்றிப் பார்த்தார்கள். மடிந்த தசையின் அளவு 14.7 விழுக்காடு குறைந்ததாக 2007இல் அறிவித்தார்கள். நம்பிக்கையூட்டும் முடிவுதான், ஆயினும் அந்த ஒப்பீட்டில் இருந்தவர்கள் 569 பேரே. அதைக்கொண்டு உலகெங்கும் நடைமுறை மாறிவிடவில்லை. செங்குருதியணுக்களைப் பெருக்கும் இயக்குநீரைக் கொடுத்த ஆய்வும் (2011), தைராய்டுச் சுரப்பு சற்றுக் குறைந்திருந்த மாரடைப்பு நோயாளிகளுக்கு அதை ஈடுசெய்த ஆய்வும் (2020) எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

பெண்மக்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாதவிலக்கு நின்றபின் தரப்படும் இயக்குநீர் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை நெடுநாள் இருந்தது. ஏற்கெனவே இதயநோயுள்ள 2,763 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு அந்த நம்பிக்கையை 1998இல் தகர்த்தது. முதல் ஆண்டில் கேடு கூடவே செய்தது. ஆகவே "இதயத்துக்கு ஹார்மோன் மருந்து" என்று யாராவது சொன்னால், எந்த இயக்குநீர், கொடுக்கவா தடுக்கவா என்று கேட்காமல் தலையசைக்கக் கூடாது.

இனி, நம்மை நெடுநாளாக உறுத்தும் சொல் ஒன்று: 'இதயச் செயலிழப்பு'. ஆங்கிலத்தின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. மலாயிலும் 'கெகாகாலான் ஜந்துங்'. தேர்வில் தோற்பதற்கும் அதே வேர்தான். மருத்துவத்தில் இச்சொல் குறிப்பது, உடலின் தேவைக்கு ஈடாகக் குருதியைத் தள்ள முடியாமல் இதயம் தளர்ந்த நிலையை. இதயம் நின்றுவிட்டதை அன்று. இந்நிலையில் மருந்தோடு பல்லாண்டு நடமாடுவோர் உள்ளனர். ஆனால் 'செயலிழப்பு' என்று கேட்ட வீட்டாருக்கு அது இறுதிச்செய்தியாகப் படுகிறது. முதிய தாய்க்கு அச்சொல்லை மறைக்கிறார்கள். மறைத்ததனால் உப்பைக் குறைக்கச் சொல்லவும் முடியாமல் போகிறது. ஒருபுறம் 'அடைப்பு' கதையை முன்னதாகவே முடித்துவிடுகிறது. மறுபுறம் 'செயலிழப்பு' கதையில் இனி ஒன்றுமில்லை என்கிறது. சிகிச்சைக்கு உரிய காலமோ இவ்விரண்டுக்கும் இடையில், பெயரில்லாமல் கிடக்கிறது. 'இதயத் தளர்ச்சி' என்று வழங்குவது நன்று என்பது நம் கருத்து. தளர்ச்சிக்கு அளவு உண்டு. தளர்ந்தது தேறவும் கூடும். மேலே நாம் அச்சொல்லையே ஆண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இந்நாட்டில் தமிழ்வழிக் கல்வி தொடக்கப்பள்ளியோடு நின்றுவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் அறிவியலை நம் பிள்ளைகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ கற்கிறார்கள். 'ஹொர்மோன்' என்பதைப் படிவம் ஐந்தில் படித்த பேரனுக்கு அதைப் பாட்டியிடம் சொல்லத் தமிழ் இல்லை. பாட்டியிடம் தமிழ் இருக்கிறது, ஹார்மோன் இல்லை. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளனாக நிற்பவனோ அந்தப் பேரன்தான். செலாயாங் மருத்துவமனை 1999இல் காகிதமில்லா மருத்துவமனையாகத் தொடங்கப்பட்டதை நாமெல்லாம் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். ஆயினும் கட்டிலோரத்து உரையாடல் இன்னும் வாயாலும் காதாலும்தான் நடக்கிறது.

தமிழால் முடியாது என்பார்க்கு ஒரு பெயரை நினைவூட்டுவோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார்; உடற்கூறு, அறுவை முதலிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கினார். 1884இல் அவர் மறைந்தபோது 'ஹார்மோன்' என்ற சொல்லே உலகில் பிறந்திருக்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து தொடரும் வேலை மொழி மன்றங்களுக்கு உரியது. நூறு பக்கச் சொல்லடைவு வேண்டியதில்லை. ஒரு கைத்தாள் போதும்.

அக்கைத்தாளில் என்ன இருக்க வேண்டும்? மாத்திரையின் பெயரைவிட அது எதைத் தடுக்கிறது என்பது. 'குழாயை இறுக்கும் இயக்குநீரைத் தடுப்பது', 'உப்பைத் தேக்கும் இயக்குநீரைத் தடுப்பது', 'இதயத்தை விரட்டும் இயக்குநீரைத் தணிப்பது' என்று மூன்றே வரி. அடுத்து, மாத்திரையை நிறுத்தத் தூண்டும் தொல்லைகள். முதல் வகை சிலருக்கு வறட்டு இருமல் தரும். நம்மவர் அதைச் சளி என்று எண்ணிக் கைவைத்தியம் பார்ப்பார்கள், அல்லது மாத்திரையை ஓசையின்றி நிறுத்துவார்கள். மருத்துவரிடம் சொன்னால் இருமல் தராத மாற்று உண்டு. ஸ்பைரோனோலாக்டோன் சில ஆண்களுக்கு மார்பு வீக்கமும் வலியும் தரும். வெளியில் சொல்லக் கூசும் செய்தி இது. மனைவியிடம்கூடச் சொல்லாமல் மருந்தைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. இதற்கும் மாற்று உண்டு, எப்லெரினோன் அவற்றில் ஒன்று.

பொட்டாசியத்தைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். ஆல்டோஸ்டெரோனைத் தடுத்தால் உடலில் பொட்டாசியம் தேங்கும். மிகுந்தால் அது இதயத்துடிப்பையே குலைக்கும். ஸ்பைரோனோலாக்டோனின் நன்மை 1999இல் மெய்ப்பிக்கப்பட்ட பிறகு, கனடாவின் ஒன்டாரியோவில் அதன் பயன்பாடு பெருகி, பொட்டாசியம் மிகுந்து மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் கூடியது. குருதிச் சோதனைக்கு வரச்சொல்லும் நாளைத் தவறவிடக் கூடாது என்பது இதனால்தான். கடையில் 'உப்புக்கு மாற்று' என்று விற்கும் தூளில் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியமே. உடம்புக்குக் குளிர்ச்சி என்று நாள்தோறும் பருகும் இளநீரிலும் அது மிகுதி. இவற்றை மருத்துவரிடம் கேட்டே கொள்ள வேண்டும்.

கடைசியாகக் கால்வீக்கம். நம் ஊரின் வெந்நீர் ஊற்றில் மாலைதோறும் காலை நனைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்க்கிறோம். மூட்டுவலிக்கு அது இதமாக இருக்கலாம். நாம் தடை சொல்லவில்லை. ஆனால் மாரடைப்புக்குப் பின் இரு கால்களும் வீங்கினாலோ, எடை ஓரிரு நாளில் கிடுகிடுவென ஏறினாலோ, தலையணையை உயர்த்தாமல் உறங்க முடியாவிட்டாலோ, அது உப்பைத் தேக்கும் இயக்குநீரின் வேலையாக இருக்கக்கூடும். அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும். போகும்போது வீட்டிலுள்ள மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எது எதைத் தடுக்கிறது என்று கேளுங்கள். விடை மலாயில் வந்தால், உடன்வரும் பேரனைத் தமிழில் எழுதித் தரச்சொல்லுங்கள். அவனுக்குச் சொல் கிடைக்காத இடத்தைக் குறித்துக்கொண்டு இம்மன்றத்துக்குக் கொண்டுவந்தால், கைத்தாளின் முதற்படிக்கு அதுவே சரக்கு.

வினாக்களை இனிக் கேட்கலாம். மருத்துவம் பற்றிய வினாக்களுக்கு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்கள் விடை சொல்வார்கள்.